வெள்ளியில் பாதி, மூளையில் பாதி

உங்கள் வீட்டில் பழைய போட்டோ ஆல்பம் எங்கே இருக்கிறது? பீரோவின் மேல் தட்டில் இருக்கலாம். கட்டிலுக்கு அடியில் தகர டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்டு அதை வெளியே எடுங்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். பாட்டி தாத்தாவின் கல்யாணப் படத்தையும், அம்மாவோ அப்பாவோ குழந்தையாக இருந்தபோது எடுத்த வண்ணப் படத்தையும் தேடிப் பிடித்து, இரண்டையும் அருகருகே வையுங்கள்.

ஒரு விந்தை கண்ணில் படும். பாட்டியின் படம் கறுப்பு வெள்ளை. அரை நூற்றாண்டுப் பழையது. ஆனாலும் புடவையின் ஜரிகைக் கோடுகூடத் தெளிவாக இருக்கும். அம்மாவின் படம் அதற்குப் பிறகு எடுத்தது. ஆனால் அது செக்கச் செவேலென்று மாறியிருக்கும். மரத்தின் இலை பச்சையாக இல்லை. வானம் நீலமாக இல்லை. முகமெல்லாம் செங்கல் நிறம். பழைய படம் நன்றாக இருக்கும்போது புதிய படம் ஏன் கெட்டுப்போனது?

இன்னொரு விந்தையும் உண்டு. அந்தக் கல்யாணப் படத்தைப் பாட்டியிடம் நீட்டுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு அரை மணி நேரம் பேசுவார். யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், மழை எப்படிக் கொட்டியது என்று ஒவ்வொன்றாக வரும். படம் உள்ளங்கை அளவுதான். அதில் சமையலும் இல்லை, மழையும் இல்லை. அந்தக் கதை இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?

முதல் கேள்விக்கு வேதியியல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு மூளை அறிவியல் பதில் சொல்லும். இரண்டையும் பார்த்துவிடலாம், வாருங்கள்.

படத்துக்குள் இருக்கும் வெள்ளி

பாட்டியின் படத்தில் கூந்தல் கன்னங்கரேலென்று இருக்கிறது அல்லவா? அந்தக் கறுப்பு மையும் அல்ல, சாயமும் அல்ல. வெள்ளி! கொலுசும் குத்துவிளக்கும் செய்கிற அதே உலோகம்தான். மிக மிக நுண்ணிய துகள்களாகச் சிதறிக் கிடக்கும்போது வெள்ளி பளபளக்காது. ஒளியை விழுங்கிவிட்டுக் கறுப்பாகத் தெரியும்.

வெள்ளி எப்படிப் படத்துக்குள் வந்தது? கதை 1717ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் தொடங்குகிறது. யோஹான் ஷூல்ட்சே என்ற அறிஞர், வெள்ளி கலந்த அமிலத்தைச் சுண்ணாம்புத் தூளோடு ஒரு குப்பியில் கலந்து வைத்திருந்தார். ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் கறுத்துப் போனது. மறுபக்கம் வெளுப்பாகவே இருந்தது. வெயிலின் சூடுதான் காரணமோ என்று அடுப்பில் வைத்துப் பார்த்தார். கறுக்கவில்லை. அப்படியானால் ஒளிதான் காரணம் என்று முடிவு செய்தார். பிறகு எழுத்துகளைக் காகிதத்தில் வெட்டிக் குப்பியைச் சுற்றி ஒட்டி வெயிலில் வைத்தார். குப்பிக்குள் எழுத்துகள் கறுப்பாக விழுந்தன. எந்தக் காரணத்தால் நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாரே, அதுதான் அறிவியல் வேலை செய்யும் முறை.

ஆனால் அந்த எழுத்துகள் நிலைக்கவில்லை. குப்பியை ஆட்டியதும் கலைந்துவிட்டன. ஒளி வரைந்த படத்தைப் பிடித்து நிறுத்த இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரான்சில் தாகேர், இங்கிலாந்தில் டால்பட் என்று இருவரும் தனித்தனியாக வழி கண்டு 1839இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கும் வழி டால்பட்டுடையது. உங்கள் பாட்டியின் படம் அந்த வழியில் வந்தது.

ஸ்டுடியோவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பிலிமின் மேல் ஜெலட்டின் என்ற பசைப் பொருள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது அது. அதற்குள் வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் படிகங்கள் சிதறிக் கிடக்கும். கேமராவின் கண் திறந்து மூடும் நொடிப்பொழுதில், ஒளி பட்ட படிகங்களில் மட்டும் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடும். இப்போது பிலிமை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் படம் அங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்!

இருட்டறையில் பிலிமை டெவலப்பர் கரைசலில் போட்டதும், அந்தச் சில அணுக்கள் இருந்த படிகம் முழுவதும் வெள்ளியாக மாறும். பிறகு ஹைப்போ கரைசலில் போடுவார்கள். ஒளி படாமல் மிச்சம் இருக்கும் வெள்ளி உப்பை அது கரைத்து வெளியேற்றிவிடும். ஹைப்போவின் இந்தக் குணத்தை 1819இல் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல். ஹைப்போ இல்லாவிட்டால், வெளிச்சத்துக்கு வந்ததும் படம் முழுவதும் கறுத்துப் போயிருக்கும். கடைசியாகத் தண்ணீரில் நன்றாக அலசுவார்கள். அதனால்தான் அந்தக் காலத்தில் ‘ரோலைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுப்புக் கூந்தல் வெள்ளையாகவும் இருக்கும். அதன் வழியாக ஒளியைப் பாய்ச்சி, வெள்ளி உப்பு பூசிய காகிதத்தில் மறுபடியும் இதே வேலையைச் செய்தால் எல்லாம் நேராகிவிடும். அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்தது அதனால்தான்.

இந்த பிலிமும் காகிதமும் நம் ஊட்டியிலேயே தயாரானது தெரியுமா? 1960இல் அங்கே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிலிம் செய்யும் இடத்தில் தூசி கூடாது, புழுக்கம் கூடாது. நீலகிரியின் குளிரும் தூய காற்றும் அதற்கு ஏற்றவை. ‘இந்து’ என்ற பெயரில் அந்த பிலிம் நாடெங்கும் போனது. இப்போது அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை. ஆனால் உங்கள் ஆல்பத்தில் இருக்கும் ஏதோ ஒரு படம் ஊட்டி பிலிமில் பிறந்ததாக இருக்கலாம்.

சிரிக்காத தாத்தாக்கள்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டுடியோ படம் இருக்கிறது. தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டி பக்கத்தில் நிற்கிறார். நடுவே ஒரு சின்ன மேசை, அதன்மேல் பூச்சாடி. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படியும் தோட்டமும். இருவர் முகத்திலும் துளிச் சிரிப்பு இல்லை. கோபமா என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டேன். ‘போட்டோக்காரர் மூச்சுகூட விடாதீங்கன்னு சொல்லிட்டார்டா’ என்றார் பாட்டி.

அதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் ஒளியைப் பதிய வைக்க நிறைய நேரம் தேவைப்பட்டது. 1838இல் தாகேர் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டிருந்த தெரு அது. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது! பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்ததால், நகர்ந்துகொண்டே இருந்தவர்கள் யாரும் பதியவில்லை. ஒரே ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அவர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் அசையாமல் நின்றவர். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பாட்டியின் காலத்துக்குள் பிலிம் வெகுவாக முன்னேறிவிட்டது. ஆனாலும் படம் எடுப்பது வாழ்க்கையில் சில முறை மட்டுமே நடக்கும் பெரிய காரியம். காசு செலவாகும். அசைந்தால் படம் வீண். அதனால் அந்த விறைப்பு தொடர்ந்தது. அந்த முகங்களில் நாம் பார்ப்பது கோபம் அல்ல, கவனம்.

வண்ணப் படம் ஏன் சிவந்தது?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். வண்ணப் படத்திலும் முதலில் வெள்ளி உப்புதான் வேலை செய்கிறது. ஆனால் படம் கழுவும்போது வெள்ளியை முழுவதும் நீக்கிவிடுவார்கள். அது இருந்த இடத்தில் சாயங்கள் உருவாகி நிற்கும். மஞ்சள், கருஞ்சிவப்பு, பசுநீலம் என்று மூன்று சாயங்கள் மூன்று அடுக்குகளாக இருக்கும். மற்ற எல்லா நிறங்களும் இந்த மூன்றின் கலவைதான்.

வெள்ளி ஒரு தனிமம். எளிதில் உடைந்து போகாது. சாயம் அப்படி அல்ல. பல அணுக்கள் சேர்ந்த பெரிய மூலக்கூறு அது. சூடும் ஈரமும் ஒளியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் அழிந்தால் படம் சமமாக வெளுக்கும். ஆனால் அந்தக் காலத்து வண்ணப் படங்கள் பலவற்றில் பசுநீலச் சாயம்தான் மிகவும் பலவீனமானது. ஆல்பத்துக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் அதுதான் முதலில் அழியும்.

சிவப்பு ஒளியை விழுங்கி அடக்கி வைப்பது பசுநீலச் சாயத்தின் வேலை. அது போய்விட்டால் சிவப்பைத் தடுக்க ஆள் இல்லை. மிச்சம் இருக்கும் மஞ்சளும் கருஞ்சிவப்பும் சேர்ந்து செங்கல் நிறத்தைக் காட்டும். அம்மாவின் படம் சிவந்தது இதனால்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் எதிரிகள் உண்டு. அவசரமாக அலசிய படத்தில் ஹைப்போ தங்கிவிட்டால், அதில் இருக்கும் கந்தகம் வெள்ளியைத் தாக்கிப் படத்தைப் பழுப்பாக்கும். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும். ஈரம்பட்ட ஜெலட்டின் பசைபோல இளகுவதால்தான், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிய்த்து எடுக்கவே கூடாது. ஒட்டியது ஒட்டியபடியே கண்ணாடி வழியாக இன்னொரு படம் எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

கதை இருக்கும் இடம்

இனி இரண்டாவது கேள்வி. பாட்டி சொன்ன மழையும் சமையலும் எங்கே இருந்தன?

உங்கள் இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. அதன் முக்கியத்துவத்தை உலகுக்குப் புரிய வைத்தவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல், அவருடைய 27ஆம் வயதில், அந்தப் பகுதியின் பெரும்பாகத்தை அறுவை சிகிச்சையில் நீக்கினார்கள். அதன்பிறகு புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவரைப் புதியவராகவே வரவேற்றார். ஆனால் சிறுவயது நினைவுகள் பல அவரிடம் இருந்தன. 2008இல் இறக்கும்வரை பொறுமையாக ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். நினைவைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவர் தந்த கொடை.

நம் நினைவு மூளையில் ஒரே இடத்தில் ஒரு படமாகக் கிடப்பதில்லை. கண்டது ஒரு பகுதியில், கேட்டது இன்னொரு பகுதியில், மணம் வேறொரு பகுதியில் என்று பிரிந்து இருக்கிறது. இவை எல்லாம் ஒரே நாளில் நடந்தவை என்று சேர்த்துக் கட்டுவது ஹிப்போகாம்பஸின் வேலை. பூச்சரத்தின் ஒரு நுனியைத் தூக்கினால் முழுச் சரமும் கூடவே வருமே, அதுபோலப் படத்தில் கண்ட ஒரு முகம் அந்த நாளின் ஓசையையும் மணத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

முகங்களுக்கு இதில் தனிச் சக்தி உண்டு. 1975இல் அமெரிக்காவில் பாரிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 392 பேரை அழைத்து, அவர்கள் பள்ளியில் கூடப் படித்தவர்களின் படங்களை மற்றவர்களின் படங்களோடு கலந்து காட்டினார்கள். பள்ளியை விட்டு 34 ஆண்டுகள் ஆனவர்கள்கூடச் சுமார் 90 சதவீதம் சரியாக அடையாளம் காட்டினார்கள். ஆனால் படமே இல்லாமல் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது மிகவும் திணறினார்கள்.

எங்கள் பள்ளியின் குரூப் போட்டோவைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான். மூன்றாம் வரிசையில் ஓரமாக நிற்பவன் எனக்குத் தினமும் நெல்லிக்காய் கொண்டுவந்து தந்த நண்பன். படத்தைப் பார்த்ததும் அவன் குரல் கேட்கிறது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட அந்த நெல்லிக்காயின் புளிப்பு நாக்கில் ஊறுகிறது. ஆனால் அவன் முழுப்பெயர் வர மறுக்கிறது. படத்துக்குப் பின்னால் பெயர்களை எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

சிலை வந்த கதை

என் அத்தையிடம் ஒரு சுற்றுலாப் படம் இருக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் குடும்பமே வரிசையாக நிற்கிறது. கடல் காற்றில் புடவைத் தலைப்புகள் பறக்கின்றன. பின்னால் விவேகானந்தர் நினைவு மண்டபம் தெரிகிறது. ‘அன்னைக்குத்தான் வள்ளுவர் சிலையையும் பார்த்தோம்’ என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார்.

படத்தை உற்றுப் பாருங்கள். மண்டபத்துக்கு அருகே இருக்கும் பாறை வெறுமையாக இருக்கிறது. அங்கே 133 அடி உயர வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று. விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பட்டது 1970இல். ஆகவே இந்தப் படம் மண்டபம் வந்த பிறகும், சிலை எழும்புவதற்கு முன்பும் எடுத்தது. பின்னால் இருப்பதைக் கவனித்தால் ஒரு படத்தின் வயதை நீங்களே கணித்துவிடலாம்!

அத்தை பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. சிலை வந்த பிறகும் அவர் கன்னியாகுமரி போயிருக்கிறார். இரண்டு பயணங்களும் அவர் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இங்கிலாந்தின் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இலேயே இதை விளக்கி எழுதினார். நாம் ஒன்றை நினைக்கும் ஒவ்வொரு முறையும், மூளை கிடைத்த துண்டுகளைக் கொண்டு அதைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டும்போது பிறகு கண்டதும் கேட்டதும் சேர்ந்துவிடும். இது எல்லாருடைய மூளைக்கும் உள்ள இயல்பு.

சில நேரம் படமே நினைவை மாற்றிவிடும். 2002இல் நியூசிலாந்து, கனடா ஆய்வாளர்கள் 20 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுப் படங்களைக் காட்டிப் பேசினார்கள். அவற்றில் ஒன்று மட்டும் போலி. அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல ஒட்டுவேலை செய்த படம் அது. சில சந்திப்புகள் முடிவதற்குள், பத்துப் பேர் பறக்காத பலூன் பயணத்தை ஓரளவாவது ‘நினைவுகூர்ந்தார்கள்’. இன்று கணினி நொடியில் போலிப் படம் செய்கிறது. அதனால் ஒரு படத்தைக் கண்டவுடன் நம்பாமல், யார் எடுத்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு அவசியம் வேண்டும்.

உங்கள் முதல் பிறந்தநாள் நினைவிருப்பதாகத் தோன்றுகிறதா? பெரும்பாலானவர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையதாகத் தோன்றுவது, ஆல்பத்தில் பார்த்ததும் அம்மா சொல்லக் கேட்டதும் சேர்ந்து கட்டியதாக இருக்கலாம்.

பார்த்துவிட்டு எடுங்கள்

அந்தக் காலத்து பிலிம் ரோலில் பெரும்பாலும் 36 படங்கள் வரைதான். இப்போது கைபேசியில் கணக்கே இல்லை. அமெரிக்காவின் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். படம் எடுத்த பொருள்கள் மறுநாள் குறைவாகவே நினைவில் இருந்தன என்று 2014இல் அவர் வெளியிட்டார். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி, கவனித்து எடுத்தவர்களுக்கு மறதி வரவில்லை. ஆக, குறை கேமராவிடம் இல்லை. அடுத்த சுற்றுலாவில் முதலில் கண்ணாரப் பாருங்கள். பிறகு எடுங்கள்.

செய்து பாருங்கள்

முதல் சோதனை: ஒரு வண்ணக் காகிதத்தின்மேல் நாணயத்தை வைத்து, நல்ல வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு வாரத்துக்கு மேல் விடுங்கள். பிறகு நாணயத்தை எடுத்தால் அதன் அடியில் வட்டமாகப் பழைய நிறம் தெரியும். சுற்றிலும் சாயம் வெளுத்திருக்கும். சுவரில் மாட்டிய வண்ணப் படத்துக்கு என்ன ஆகிறது என்பதை நேரில் காண்பீர்கள்.

இரண்டாவது சோதனை: ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த ஊர்? எந்த வருடம்? என்ன விசேஷம்? யார் யார் இருக்கிறார்கள்? படத்துக்குள் இல்லாத ஒருவரைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்: இதை எடுத்தது யார்? பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் மாறுபட்டால் யாரையும் திருத்த வேண்டாம். ‘இது அத்தை சொன்னது’, ‘இது சித்தப்பா சொன்னது’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தில் இருக்கும் கட்டடம், வண்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கொண்டு நீங்களே துப்புத் துலக்குங்கள்.

படங்களைக் காப்பதும் எளிது. ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். பின்பக்கம் எழுதுவதற்கு மென்மையான பென்சில் போதும். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பசைத் தாளில் ஒட்டும் ஆல்பம் வேண்டாம். சமையலறைச் சுவரை ஒட்டியும், மழையில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம். பெரியவர்கள் உதவியோடு ஸ்கேன் செய்து, இரண்டு மூன்று இடங்களில் படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எதற்கு அவசரம் அதிகம் தெரியுமா? கறுப்பு வெள்ளைப் படம் நூறு ஆண்டு தாங்கும். சிவந்துபோன படத்தைக்கூடக் கணினியில் ஓரளவு மீட்கலாம். ஆனால் அதில் நிற்பவர் யார், ஏன் அழுகிறார், அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது யார் என்பதெல்லாம் பெரியவர்களின் மூளையில் மட்டுமே இருக்கிறது. அதற்குப் படி கிடையாது. கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பென்சிலும், பாட்டி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்கும் பொறுமையும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.